ஆராய்ச்சிசாலையும் குளிர்நீரும்



சித்திரை மாதத்து நண்பகலில் விளாத்திகுளத்துக் கடைத்தெரு வழியே நடந்து வந்தவர் எவரும், வீட்டிற்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது மண்பானையைத்தான். கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் அந்த வெயிலிலும் பானைத் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருக்கும். எங்கள் ஆச்சி பானைக்கு அடியில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் காலையும் மாலையும் நீர் தெளித்து வைப்பார். ஏன் என்று கேட்டால், "மணல் காய்ந்தால் பானை சுடும்" என்பார். அதற்குமேல் அவர் விளக்கியதில்லை. அவர் சொல்லாமல் விட்ட விளக்கத்தை நான் பிற்காலத்தில் பயிற்சிக் கல்லூரியில் கற்றேன். ஆனால், குளிர்ந்த நீர் கிட்டுவது எத்துணை அரிய செயல் என்பதை எனக்குக் கற்பித்தது கல்லூரி அன்று. ஒரு கண்ணாடிக் குழாய் விரிந்த நிகழ்ச்சியே அதனைக் கற்பித்தது.

அப்பொழுது நான் இளம் விஞ்ஞான ஆசிரியன். எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் இரசாயன வகுப்பிற்கு நீரை வாலைவடித்துக் காட்ட வேண்டியிருந்தது. வாலைவடித்தலுக்குரிய லீபிக் குளிர்விப்பானை நீங்கள் அறிவீர்கள். உள்ளே ஒரு குழாய். அதனைச் சுற்றி உறைபோல் வெளியே ஒரு குழாய். உட்குழாய் வழியே நீராவி செல்லும். வெளிக்குழாய் வழியே குளிர்ந்த நீர் இடைவிடாமல் ஓடவேண்டும். பாடநூலில் "குழாயைத் திறந்து நீரைச் செலுத்துக" என்று ஒரு வரியில் எழுதி முடித்து விடுகிறார்கள். எங்கள் பரிசோதனைச்சாலையிலோ திறப்பதற்குக் குழாயே இல்லை. ஆகவே, அலமாரியின் மேல் ஒரு குடத்தை ஏற்றி, அதிலிருந்து ரப்பர் குழாய் ஒன்றை இறக்கி, நீரைச் செலுத்தினேன். குடம் குறையக் குறைய நீர் ஊற்றுவதற்கு ஒரு மாணவனை நாற்காலியின் மேல் நிறுத்தியிருந்தேன்.

கால்மணி நேரம் யாவும் ஒழுங்காக நடந்தன. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி வகுப்பிற்கு விளக்கிக் கொண்டிருந்தபோது, "சார், குடம் காலி!" என்ற குரல் கேட்டது. நான் திரும்புவதற்குள் அப்பையன் பதற்றத்தோடு கிணற்றுநீரை ஊற்றிவிட்டான். நீரின்றிச் சூடேறி நின்ற கண்ணாடியில் குளிர்நீர் பட்டதும் 'டிக்' என்று ஓர் ஓசை எழுந்தது. குளிர்விப்பான் நெடுக விரிந்துவிட்டது. பையன் அழுதே விட்டான். தவறு அவனுடையது அன்று. நீர் எவ்வளவு நேரத்திற்குப் போதும் என்று கணக்கிடாமல் பரிசோதனையைத் தொடங்கிய என்னுடையதே. ஒரு குளிர்விப்பானோடு போன அந்த இழப்பே, இன்று நான் உங்களுக்குச் சொல்லப் போகும் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம்.

குளிர்விப்பான் என்றால் லீபிக் என்றே நாம் சொல்கிறோம். ஆயினும், அவ்வமைப்பை 1771ஆம் ஆண்டிலேயே வைகல் என்ற ஜெர்மானிய அறிஞர் வெளியிட்டிருந்தார். லீபிக் பிறந்ததே 1803இல்தான். அதனைத் தம் மாணவர்களிடையே பரப்பியவர் என்ற அளவில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் சூட்டுவதில் விஞ்ஞான உலகம் எப்பொழுதும் நீதி வழுவாது என்று எண்ணிவிட வேண்டாம். இவ்வமைப்பில் நீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேறுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மேலிருந்து விட்டால் நீர் ஒரு பக்கமாக வழிந்தோடிவிடும். உறை முழுவதும் நிரம்பாது. கீழிருந்து ஏறினால் உறை நிரம்பித்தான் ஆக வேண்டும். அன்றியும், ஆறி வரும் திரவம் கடைசியில் சந்திப்பது மிகக் குளிர்ந்த நீரையே. ஆராய்ச்சிசாலைகளில் வெப்பத்தைக் கடத்தும் பெருங்கருவிகள் பலவும் இந்த எதிரோட்ட முறையையே பின்பற்றுகின்றன.

வெப்பத்தைச் சுமந்து செல்ல நீரையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? எளிதில் கிடைப்பது என்பது பாதி விடை. மற்றப் பாதி, நீரின் தன்வெப்பம் மிகுதி என்பதாகும். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். அதே எடையுள்ள செம்புக்கோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே போதும். ஆகவே, சிறிதளவு நீரே பெருமளவு வெப்பத்தை வாங்கிக்கொண்டும் தான் அதிகம் சூடேறாமல் ஓடிவிடுகிறது. ஆனால், ஓடிவரும் நீர் முதலிலேயே குளிர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் குழாயைத் திறந்தால் பெரும்பகுதி மாதங்களில் பத்து, பன்னிரண்டு டிகிரியில் நீர் வரும். நம் நாட்டிலோ கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீரில் கை வைக்கவே கூசும். விஞ்ஞானக் கருவிகள் பல குளிர்நாட்டில் பிறந்தவை. அவை அந்நாட்டுக் குழாய்நீரைத் தம் உரிமைபோல் எதிர்பார்த்தே உருவாயின. இந்த எதிர்பார்ப்பை வெப்பநாட்டு அறிஞர்கள் எவ்வாறு ஈடுசெய்தார்கள் என்பதே நம் கதை.

குளிர்ச்சியை உண்டாக்கும் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. வெடியுப்பை நீரில் கரைத்தால் அக்கரைசல் குளிர்ந்துவிடும். அதற்குள் ஒரு நீர்ச்செம்பை வைத்துச் சுழற்றினால் செம்பிலுள்ள நீரும் குளிரும். அக்பர் காலத்தில் அரண்மனைக்கு இவ்வாறு நீர் குளிரவைக்கப்பட்டதை அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி குறிப்பிடுகிறது. வட இந்தியாவில் மற்றொரு வியப்பான முறையும் இருந்தது. சமவெளியில், நீர் உறையும் அளவிற்குக் காற்று குளிராத இரவுகளில், ஆழமற்ற குழிகளில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சிறு மண்தட்டுகளில் நீரை நிரப்பி வைப்பார்கள். வானம் தெளிந்து, காற்று அசையாதிருந்தால், விடியற்காலையில் தட்டுகளில் பனிக்கட்டி படிந்திருக்கும்! இதனை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். நீர் தன் வெப்பத்தை இருண்ட வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது என்பதும், வைக்கோல் நிலத்தின் வெப்பம் மேலேறாமல் தடுக்கிறது என்பதும் பின்னர் விளங்கின. நம் பக்கத்துக் கடற்கரையில் இம்முறை பலிக்காது. ஈரக்காற்று வானத்திற்கும் தட்டிற்கும் நடுவே போர்வையாக நின்றுவிடும்.

பின்னர், குளிர்ச்சி கப்பலேறி வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள் முதலியவற்றைச் சுற்றிலும் திணித்து, 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பலில் கல்கத்தாவிற்கு அனுப்பினார். நூற்றெண்பது டன் ஏற்றியதில் ஏறக்குறைய நூறு டன் கரையாமல் வந்து சேர்ந்தது. நான்கு மாதக் கடற்பயணம், இருமுறை பூமத்தியரேகையைக் கடக்கும் வழி. அத்தனைக்கும் பிறகு இவ்வளவு மிஞ்சியது என்றால், வெப்பத்தைத் தடுக்கும் கலை எத்துணை வளர்ந்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென ஒரு கட்டடம் எழுந்தது. 'ஐஸ் ஹவுஸ்' என்று பெயர் பெற்ற அக்கட்டடத்திலேதான் 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச் சொற்பொழிவாற்றினார்; இன்று அது விவேகானந்தர் இல்லம். நீராவியால் இயங்கும் பனிக்கட்டி ஆலைகள் வந்ததும் கப்பற்பனிக்கட்டி வாணிபம் மறைந்தது. அப்பனிக்கட்டியில் பெரும்பகுதி செல்வர்களின் குவளைகளுக்கே போயிற்று என்பது உண்மையே.

குளிரவைக்க வழியில்லாதபோது அறிஞர்கள் வேறொரு வழியை மேற்கொண்டார்கள். வெப்பத்தை மாற்ற முடியாவிட்டால், அதனை அளந்தாவது கணக்கில் சேர்த்துக்கொள் என்பதே அது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சென்னையிலேயே நடந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் நிலஅளவைக்கு அடிக்கோடு அளந்தார். ஏழரை மைல் நீளம். நூறடி எஃகுச் சங்கிலி. ஏறக்குறைய நானூறு தடவை அதனை நீட்ட வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் எஃகு நீளும் அல்லவா? நூறடி எஃகு ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக நீளும். இது அற்பம் என்று விட்டுவிட்டால், பத்து டிகிரி வேறுபாட்டிற்கு அந்த அடிக்கோட்டில் நாலரை அடிக்கு மேல் பிழை விழும். ஆகையால், லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, அவற்றில் வெப்பமானிகளை வைத்து, மேலே கூடாரத்துணியால் நிழலிட்டு, ஒவ்வோர் அளவின்போதும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார். பிற்காலத்தில் இமயம் வரை நீண்ட முக்கோண அளவையின் முதல் கோடு அது. வெப்பமானியைப் பார்த்து எழுதிக்கொண்டேயிருந்த அந்த உதவியாளர்கள் எவர் என்று நமக்குப் பெயர் தெரியாது. வேலை மட்டும் நிற்கிறது.

கோடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் அங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தைக் காணத் தவறுவதில்லை. அங்கே 1950களின் இறுதியில் அமைத்த பெருந்தொலைநோக்கியின் ஒளிப்பாதை, அறுபது மீட்டர் நீளமுள்ள நிலவறைச் சுரங்கத்தினுள் செல்கிறது. நிலத்தடியில் வெப்பநிலை எளிதில் மாறாது, காற்று அலையாது, சூரிய பிம்பமும் நடுங்காது. நம் வீட்டு நெற்குதிருக்கு அடியிலுள்ள அறை கோடையில் குளிர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால், அளந்து திருத்துவதாலும் நிலத்தடியில் ஒளிவதாலும் தீராத தேவை ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. 1895இல் ராண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். 1912, 1913ஆம் ஆண்டுகளில் லௌவேயும், பிராக் என்ற தந்தையும் மைந்தரும், அக்கதிர்களைக் கொண்டு படிகத்திற்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கைக் காணலாம் என்று காட்டினர். எக்ஸ்-கதிர்க் குழாயின் உள்ளே எலக்ட்ரான்கள் பெருவேகத்தோடு வந்து ஓர் உலோக இலக்கில் மோதுகின்றன. அவ்வாற்றலில் நூற்றில் ஒரு பங்குகூடக் கதிராவதில்லை. எஞ்சியது யாவும் வெப்பமே. நாற்பதாயிரம் வோல்ட்டில் இருபது மில்லி ஆம்பியர் மின்னோட்டம் என்று கொள்வோம், எண்ணூறு வாட். ஒரு சலவைப்பெட்டியின் வெப்பம் முழுவதும் ஒரு நெல்மணியளவு இடத்தில் குவிவதாகும்! செம்பு 1,083 டிகிரியில் உருகிவிடும். இலக்கின் பின்புறத்தில் நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் குழாய் பிழைக்கும். ஓட்டம் நின்றால் இலக்கு சில நொடிகளில் பழுதாகும்.

இனிக் கணக்கிடுவோம். நிமிஷத்திற்கு மூன்றரை லிட்டர் நீர் ஓடினால், எண்ணூறு வாட் வெப்பத்தை ஏற்று அது மூன்றேகால் டிகிரி அளவே சூடேறும். நன்று. ஆனால், ஒரு நாள் முழுவதும் இவ்வாறு ஓடினால் ஐயாயிரம் லிட்டர் ஆகிறதே! பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் முந்நூற்று முப்பது குடம். எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் இரண்டு குடத்திற்காகக் கல் தொலைவு நடந்த காலத்தை நான் அறிவேன். சுத்தமான நல்ல நீர் ஒருமுறை ஓடிச் சாக்கடையில் விழுவதை எந்த ஊரால் தாங்க முடியும்?

இந்தப் பின்னணியோடுதான் சென்னையில் நிகழ்ந்த ஒரு பெருஞ்செயலை நீங்கள் பார்க்க வேண்டும். 1952இல், முப்பது வயதளவே ஆன ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைக்குப் பேராசிரியராக வந்தார். துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அவருக்கு ஊக்கமளித்தார். கிண்டியில் எக்ஸ்-கதிர் ஆராய்ச்சிசாலை உருவாயிற்று. அவ்வாண்டு அங்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் சொன்னார். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றிற்கு உறுதி தருவது அப்புரதமே. அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது ஒரு நல்வாய்ப்பு. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்; 1955இல் அவ்வமைப்பை மேலும் திருத்தினார்கள். பனைநார்க் கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நார்ப்பொருள்களின் படம் ஒரு நொடியில் விழுவதன்று. மங்கலான புள்ளிகள் பிலிமில் பதிவதற்குப் பல மணிநேரம் குழாய் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதாவது, அத்தனை நேரமும் நீர் ஓடவேண்டும். இரவில் நகரக் குழாயில் அழுத்தம் குறைந்தாலும், பகலில் நீர் நின்றாலும் படம் பாழ், குழாய்க்கே ஆபத்து. அக்காலத்து எக்ஸ்-கதிர் ஆராய்ச்சிசாலைகளில் பணிபுரிந்தவர்கள் கண்ணால் முதலில் பார்த்தது படத்தை அன்று, நீர்த்தாரையைத்தான். திரும்பி வரும் நீரை மூடிய குழாயில் விடாமல் ஒரு புனலுக்குள் விழச் செய்வது பழைய வழக்கம். தாரை விழுகிறதா என்று கதவருகே நின்றே பார்த்துவிடலாம். இதனோடு நீரோட்டக் காவலி ஒன்றும் உண்டு. ஓட்டம் குறிப்பிட்ட அளவிற்குக் குறைந்தால் அது தானே மின்சாரத்தை நிறுத்திவிடும். நாற்காலிமேல் நான் நிறுத்திய மாணவனின் வேலையை அக்கருவி செய்கிறது. பதறுவதில்லை என்பதே வேறுபாடு.

நீரைக் கொட்டிவிடாமல் மீண்டும் மீண்டும் சுற்றவிடும் முறை இத்தேவையால் பரவிற்று. ஒரு தொட்டி, ஒரு பம்பு, குளிரூட்டும் இயந்திரம் ஒன்று. கருவிக்குள் சென்று சூடேறிய நீர் திரும்பி வந்து, குளிர்ந்து, மறுபடி செல்லும். சொல்வதற்கு எளிது. அமைப்பதில் உள்ள இடையூறுகளை மட்டும் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அவற்றில் பல, நம் ஊர் நீரோடும் காற்றோடும் தொடர்புடையவை.

முதலாவது உப்பு. எங்கள் கிணற்றுநீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைக் காரை படிந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அக்காரை வெப்பத்தைக் கடத்தாது. இலக்கின் பின்புறத்தில் தாளளவு படிந்தாலும், நீர் குளிர்ந்திருக்க உலோகம் வெந்துவிடும். ஆகவே, சுற்றில் வாலைவடித்த நீரையே இடவேண்டும். அதற்காக மிகமிகத் தூய நீர்தான் மேலானது என்றும் கருதிவிடக் கூடாது. அயனிகள் அறவே நீங்கிய நீர் தான் தொடும் உலோகத்தையே சிறிது சிறிதாகக் கரைக்க முயலும். செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் சேர்ந்தால் ஒரு மின்கலம்போல் ஆகி அலுமினியம் அரிக்கப்படும். ஒளி புகும் குழாய்களில் பாசி பிடித்து நுண்துளைகளை அடைக்கும். அதனால் கறுப்புக் குழாய்களையே விரும்புவர். நீர் திரும்பும் குழாயைத் தொட்டியின் மட்டத்திற்குக் கீழே முடிக்காவிட்டால் காற்றுக் குமிழிகள் புகுந்து, ஓட்டம் துள்ளும். துள்ளும் ஓட்டம் நுண்கருவியை நடுங்கச் செய்யும்.

எனினும், கடற்கரையில் வாழும் நமக்குச் சிறப்பான இடையூறு வேறொன்று. நீர் எவ்வளவு குளிர்ந்தால் அவ்வளவு நல்லது என்றுதானே தோன்றுகிறது? அதுவே தவறு. குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை அறிவீர்கள். காற்றிலுள்ள நீராவி, பனிநிலைக்குக் கீழ்ப்பட்ட பரப்பில் நீராகப் படிகிறது. காற்றின் வெப்பம் முப்பது டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தும் இருக்கும் ஒரு மாலையில், சென்னையிலோ தூத்துக்குடியிலோ பனிநிலை இருபத்தைந்து டிகிரி ஆகிவிடும். அங்கே பதினைந்து டிகிரி நீரைக் கருவிக்குள் செலுத்தினால், கருவி முழுவதும் வியர்க்கும். நாற்பதாயிரம் வோல்ட் நிற்கும் இடத்திற்கு அருகே நீர்த்துளி நிற்கும்! ஆகையால், இங்கு நீரின் வெப்பத்தைப் பனிநிலைக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். குறைந்த குளிர்ச்சியை நீரோட்டத்தை மிகுதியாக்கி ஈடுசெய்ய வேண்டும். அல்லது அறைக்காற்றையே உலர்த்த வேண்டும். குளிர்நாட்டுக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே பின்பற்றியவர்கள் கருவியை இழந்து கற்ற பாடம் இது. விளாத்திகுளத்து வறண்ட காற்றில் ஆச்சியின் பானை நன்றாகக் குளிர்வதற்கும், நாற்பது மைலுக்குள் உள்ள தூத்துக்குடிக் கடலோரத்தில் அதே பானை அவ்வளவு குளிராமல் இருப்பதற்கும் இதே ஈரப்பதமே காரணம். ஒரு கிராம் நீர் ஆவியாகப் போகும்போது ஏறக்குறைய ஐந்நூற்றெண்பது கலோரி வெப்பத்தைப் பானையிலிருந்து கொண்டுபோகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அந்த ஒரு கிராம் புறப்படுவதே இல்லை.

எண்ணைப் பற்றிப் பேசியதால் மற்றொரு செய்தியும் நினைவிற்கு வருகிறது. பௌதிக இரசாயன அளவைகளை 25 டிகிரியில் எடுப்பது உலக வழக்கு. லைப்சிக் நகரில் ஆஸ்ட்வால்டு போன்றோர் பழக்கப்படுத்திய நீர்த்தொட்டி முறையில், அறை பதினெட்டு டிகிரியில் இருக்கும். தொட்டியைச் சிறு விளக்கால் சூடேற்றி 25இல் நிறுத்திவிடுவார்கள். சூடு மிகுந்தால் விளக்கு தணியும், குறைந்தால் எரியும். சென்னையில் அறையே முப்பத்துமூன்று டிகிரியாயிற்றே! விளக்கை அணைத்துவிட்டால் தொட்டி தானாக இறங்கி வருமா? வராது. ஒருபுறம் குளிர்நீர்ச் சுருளை இடைவிடாமல் ஓடவிட்டு, மறுபுறம் சூடேற்றியால் அதனோடு போராடவிட்டு, இரண்டிற்கும் நடுவே 25ஐப் பிடித்து வைக்க வேண்டும். பனிக்கட்டி கிட்டாத இடங்களில் நம் இரசாயன ஆசிரியர்கள் பலர் 30, 35 டிகிரிகளிலேயே அளந்து, அதனை ஒளிக்காமல் குறிப்பிட்டு வெளியிட்டார்கள். இதனைக் குறையென்று நான் கருதவில்லை.

இதே நேர்மை பின்னர் நாட்டின் தரஅளவுகளிலும் ஏறிற்று. நீளத்திற்கு உலக முழுவதற்கும் உரிய வெப்பநிலை 20 டிகிரி என்று 1931இல் முடிவாயிற்று. அதற்கு முன் இங்கிலாந்து 62 டிகிரி பாரன்ஹீட்டில் தன் கெஜத்தை வைத்திருந்தது. ஆனால், 1947இல் தோன்றிய இந்தியத் தரநிர்ணய நிலையம், பொருள்களைச் சோதிக்கும் அறைக்கு 27 டிகிரியைத் தேர்ந்தெடுத்தது. சிமெண்டைச் சோதிப்பதற்கும், பரிசோதனைச்சாலைக் கண்ணாடி அளவைகளுக்கும் 27 டிகிரியே இங்கு அடிப்படை. உங்கள் பள்ளியிலுள்ள அளவைக் குடுவையின் கழுத்தருகே நுணுக்கி எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 27 என்ற எண் பெரும்பாலும் இருக்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டராக உள்ள நீர், 33 டிகிரியில் மூன்றரை மில்லிலிட்டர் கூடிவிடும். எந்த வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று சொல்லாத குடுவை பொய் சொல்லும் குடுவையே. நம் காற்றிற்கு ஏற்ற எண்ணை நாமே வகுத்துக்கொண்டோம் என்பதை எத்தனை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துச் சொல்கிறார்கள்? நானே பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே அந்த எண்ணைக் கவனித்தேன்.

எங்கள் வட்டாரத்திற்கு வடமேற்கே வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928இல் இராமனோடு ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் உடனிருந்தவர். 1947இல் புதுதில்லித் தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலைக்கு முதல் இயக்குநரானார். அங்கே 1950களின் தொடக்கத்தில் அவர் திரவ ஹீலியம் கிட்டும் தாழ்வெப்பப் பகுதியை நிறுவினார்; கேம்பிரிட்ஜ் அறிஞர் ஷேன்பர்க் 1953, 54இல் யுனெஸ்கோவின் சார்பில் வந்து உதவினார். திரவ ஹீலியம் கொதிப்பது பூஜ்யத்திற்குக் கீழே 269 டிகிரியில். அத்துணைக் குளிருக்கு இட்டுச் செல்லும் படிகளில் முதற்படி என்ன தெரியுமா? வாயுவை அமுக்கும் இயந்திரத்தைச் சுற்றி ஓடும் சாதாரணக் குளிர்நீர். அமுக்கினால் வாயு சூடேறும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இது தெரியும். அந்த வெப்பத்தை நீர் கொண்டுபோகாவிட்டால் அடுத்த படி இல்லை. தில்லிக் கோடையில் 45 டிகிரி அனல்காற்றிற்கு நடுவே இது நடந்தது.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 1979 முதல் கடல்நீரே நீராவியை ஒடுக்கி வந்தது; அங்கும் வெப்பத்தை வாங்கிச் சென்றது ஓடும் நீர்தான், அளவு மட்டும் பன்மடங்கு. அதனைவிட எனக்குச் சுவையானது, தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் நடந்த வேலை. மன்னார் வளைகுடாவின் பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பார்களில் சிப்பி குறைந்தது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் சிப்பிகளை வளர்த்து, 1973 ஜூலையில் டாக்டர் கே. அழகர்சுவாமியின் முயற்சியால் உருண்டையான வளர்ப்பு முத்தைப் பெற்றார்கள். ஆனால், சிப்பியை ஒவ்வொரு முறையும் கடலிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. குஞ்சையே ஆராய்ச்சிசாலையில் பொரிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி.

முத்துச் சிப்பியின் குஞ்சு, கண்ணுக்குப் புலப்படாத அளவினது. கடல்நீரில் மிதந்து திரிந்து, பல நாள் கழித்தே ஓரிடத்தில் ஒட்டும். அந்நாள்களில் அது வெயிலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுக்காது. தொட்டியில் தேக்கிய கடல்நீரோ கரையோர வெயிலில் விரைவில் சூடாகும்; சூடானால் அதிலுள்ள உயிர்வாயு குறையும், கிருமி பெருகும். ஆகவே, வடிகட்டிய கடல்நீரை நிழலிலும் காற்றோட்டத்திலும் வெப்பநிலை கெடாமல் காத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு, நாள்தோறும் நீர் மாற்றி வளர்த்தார்கள். எக்ஸ்-கதிர்க் குழாய்க்கு வேண்டிய அதே ஒழுங்கு இங்கே ஓர் உயிருக்கு வேண்டியிருந்தது. 1981இல் தூத்துக்குடியில் முத்துச் சிப்பிக் குஞ்சுகள் தொட்டியில் ஒட்டி வளர்ந்தன. பின்னர் அங்கே வளர்ந்த இளஞ்சிப்பிகளைக் கடலில் பழைய முத்துப் பார்களிலேயே கொண்டுபோய் விட்டார்கள்.